குவளையைக் கழுவியவள்

மாடக்கடவில் நளினாட்சி டீச்சரைத் தெரியாத ஆள் கிடையாது. ஆனால் ஊருக்குத் தெரிந்த நளினாட்சியில் பாதிதான் பள்ளிக்கூடத்தில் ஹிந்தி சொல்லிக்கொடுத்தவள். மீதிப் பாதி ஒரு கதையிலிருந்து வந்தவள். எது எங்கே முடிகிறது என்று ஊர் கேட்டதில்லை. வெகுகாலம் அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

கதையை எழுதியவன் அவள் புருஷன் சேகரன்குட்டி. மின்சார ஆபீசில் கிளார்க். இளவயதில் ஊர்ப்பெயரையும் சேர்த்துக்கொண்டு ‘சேகரன் மாடக்கடவு’ என்ற பெயரில் வார இதழ்களுக்குக் கதைகள் அனுப்பிக்கொண்டிருந்தான். அச்சில் வந்தவை கொஞ்சம். வந்தவற்றில் நின்றது ஒன்றே ஒன்று, ‘கழுவிய குவளை’.

சின்னக் கதைதான். மழைக்காலம். ஒரு கிழவி பல மாதமாகப் படுத்த படுக்கை. வலியில் முனகிக்கொண்டே இருக்கிறாள். குவளையில் மருந்து கலந்து வைத்திருந்தது. மருமகள் கிழவியின் தலையைத் தூக்கி, மடியில் சாய்த்து, குடிக்கக் கொடுக்கிறாள். மகன் கதவோரம் சாய்ந்து நிற்கிறான், ஒன்றும் சொல்லவில்லை. விடிகிறபோது முனகல் இல்லை. ‘அவள் குவளையைக் கழுவினாள். பிறகு இன்னொரு முறை கழுவினாள்.’ அவ்வளவோடு கதை முடிகிறது.

அது வெளிவந்த வாரம் மாடக்கடவுப் பெண்கள் அழுத அழுகை கொஞ்சமில்லை. துக்கத்தில் கை தன்போக்கில் கழுவுகிறது, கழுவியது கூட அவளுக்குத் தெரியவில்லை, பாவம் என்றார்கள். அதற்கு முந்தின வருஷம்தான் சேகரன்குட்டியின் அம்மா நாணியம்மா அதேபோல் படுக்கையில் கிடந்து போயிருந்தாள். பார்த்துக்கொண்டவள் நளினாட்சி. பிறகென்ன, கதையின் மருமகள் யார் என்று யாரும் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கோயில் குளத்தில் குளிக்கப் போனால் கிழவிகள் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மருமகளோடு மல்லுக்கு நின்ற மாமியார்கள், “நளினாட்சியைப் பாத்துக் கத்துக்கோடீ” என்று இடித்துக் காட்டினார்கள். நாத்தனார் சந்திரமதி, திருச்சூரிலிருந்து வருகிற போதெல்லாம், “என் அம்மாவுக்கு நான் பெத்த பொண்ணு, ஏட்டத்திதான் வளத்த பொண்ணு” என்று நாலுபேர் முன்னால் அண்ணியைக் கட்டிக்கொண்டாள்.

நளினாட்சிக்கு அது பிடித்திருந்தது. பிடிக்காமல் என்ன. பள்ளிக்கூடத்துக்கும் கட்டிலுக்கும் நடுவில் முதுகு ஒடிந்தவளுக்கு அந்தப் பேராவது கிடைத்ததே என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

நடந்தது வேறு. நாணியம்மா போன அன்று குவளையும் இல்லை, மருந்தும் இல்லை. விடியற்காலையில் கஞ்சித்தண்ணீரை ஸ்பூனில் கொடுத்தபோது கிழவி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வேண்டாம் போலிருக்கிறது என்று நளினாட்சி ஸ்பூனை வைத்துவிட்டு வாயைத் துடைத்தாள். துடைக்கும்போது மூச்சு இல்லை. வீட்டில் வேறு ஆள் கிடையாது. சேகரன்குட்டி தலச்சேரியில் ஏதோ இலக்கியக் கூட்டம் என்று முதல்நாளே போயிருந்தான். முதல் பஸ்ஸில் அவன் வந்து இறங்கும்வரை அவள் பிணத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் வந்த பிறகுதான் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டார்கள். அதனால் வந்தவர்கள் எல்லாரும் மகனைக் கதவோரத்தில் பார்த்தார்கள். கதை வந்தபின், அவன் ராத்திரி முழுக்க அங்கேயே நின்றான் என்றுதான் அவர்கள் நினைவில் பதிந்துபோயிற்று. சேகரன்குட்டி அதைத் திருத்தவில்லை. திருத்தச் சொல்லி அவளும் சொல்லவில்லை.

இப்படியே பத்து வருஷத்துக்கு மேல் போயிற்று. சேகரன்குட்டி அதற்கப்புறம் எழுதியவை எதுவும் எடுபடவில்லை. எழுதுவதையே விட்டான். மாலை நேரத்தில் வாசகசாலைக்குப் போய் மற்றவர்கள் எழுதியதைக் குறை சொல்லிக்கொண்டிருந்தான்.

வாசகசாலையின் ஆண்டுவிழாவுக்கு, ஊர்க்காரர்களின் பழைய கதைகளைத் திரும்ப வாசித்து விவாதிப்பது என்று செயலாளர் கணாரன் முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாயா, பருப்பு வடை, முப்பது நாற்பது பேர். முதல் கதையே ‘கழுவிய குவளை’. பேச வந்தவன் பினோய் என்ற இளைஞன், பக்கத்து டவுன் காலேஜில் வாத்தியார், பினோய் மாஷ் என்பார்கள். முன்வரிசையில் நளினாட்சியை உட்கார்த்தி வைத்திருந்தார்கள்.

பினோய் கதையை நிறுத்தி நிறுத்தி வாசித்துவிட்டு, கடைசி வரியில் விரலை வைத்தான்.

“நாம எல்லாம் இத்தனை வருஷம் இதைப் படிச்சு அழுதோம். நான் கேக்கறது ஒண்ணுதான். துக்கத்துல இருக்கறவ குவளையைக் கழுவ மறப்பா. ரெண்டு தடவை கழுவறவ யாரு?”

அவனே பக்கத்தை முன்னால் புரட்டினான்.

“எதையோ மிச்சமில்லாம போக்கணும்னு நினைக்கறவ. குவளையில என்ன இருந்துது? கிழவி அதைக் குடிச்ச பிறகுதானே முனகல் நின்னுது? ‘விடுதலை என்ற சொல் இருவருக்கும் பொருந்தும் என்று அவளுக்குத் தோன்றியது’ன்னு நடுவுல ஒரு வரி வருதே, அதை யாராவது கவனிச்சோமா?”

பின்னாலிருந்து ஒருவர், “அடப்பாவி, ஆமால்ல!” என்றார். இன்னொருவர் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தார். வடை தின்றுகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். வெறும் சம்பிரதாயமாக உட்கார்ந்திருந்த கூட்டத்துக்குத் திடீரென்று உயிர் வந்தது. ஆளாளுக்குப் பேசினார்கள். கருணைக்கொலை என்றார் ஒருவர். கருணையாவது ஒண்ணாவது, சொத்துக்காகத்தான் என்றார் இன்னொருவர். நளினாட்சி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது கொஞ்சநேரம் யாருக்கும் நினைவில்லை. நினைவு வந்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்தினார்கள். அந்த நிறுத்தம்தான் அவளை அறைந்தது.

மேடையில் இருந்த சேகரன்குட்டியிடம் கணாரன் கேட்டார். “எழுதினவர் என்ன சொல்றீங்க? எது சரி?”

சேகரன்குட்டி துண்டைச் சரிசெய்துகொண்டு புன்னகைத்தான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அத்தனை பேர் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எழுதி முடிச்சதோட என் வேலை முடிஞ்சுது கணாரேட்டா. கதை வாசிக்கறவங்களோடது. நான் சொன்னா கதை செத்துப்போகும்.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் நளினாட்சி அடுப்பைக் கூடப் பற்றவைக்காமல் அவன் முன்னால் போய் நின்றாள்.

“அடுத்த கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அது கற்பனை, வீட்டுல அப்படி எதுவும் நடக்கலைன்னு.”

“உன்னை யாரு என்ன சொன்னா? கதையைப் பத்திப் பேசறாங்க.”

“என்னைப் பாத்துக்கிட்டே பேசறாங்க.”

“நளினி, உனக்கு இலக்கியம் தெரியாதா என்ன? வாசகசாலையில பாதிப் புஸ்தகம் உன் கைபட்டதுதானே. பினோய் அதைப் பத்தி ஒரு கட்டுரையே எழுதப் போறான். நான் போய் ‘எல்லாம் சும்மா’ன்னு சொன்னா கதையில என்ன மிஞ்சும்?”

“எனக்கு என்ன மிஞ்சும்?”

அவன் பேப்பரை விரித்துக்கொண்டான்.

“சரி, ஊருக்குச் சொல்ல வேண்டாம். எனக்குச் சொல்லுங்க. நான் அப்படிச் செஞ்சிருப்பேன்னு நினைச்சா எழுதினீங்க?”

“எழுதும்போது யாரு நினைக்கறா” என்றான் சேகரன்குட்டி. இல்லை என்று சொல்லவில்லை.

பினோயின் கட்டுரை வந்தது. காலேஜ் பிள்ளைகள் கதையைத் தேடிப் படித்தார்கள். சேகரன்குட்டியைக் கூட்டங்களுக்கு அழைத்தார்கள், மாலை போட்டார்கள். நளினாட்சிக்கு வேறு மரியாதைகள் கிடைத்தன. குளக்கடவில் அவள் இறங்கினால் பேச்சு மாறியது. மீன்காரி ஜானு ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, “டீச்சரே, கதையில போட்ட மருந்து எந்தக் கடையில கிடைக்கும்? எங்க வீட்டுலயும் ஒண்ணு போகவும் மாட்டேங்குது இருக்கவும் மாட்டேங்குது” என்று சொல்லிச் சிரித்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நளினாட்சி எடுத்த மத்தி மீனைத் திருப்பிக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதைவிடக் கொடுமை ஆதிரா என்ற காலேஜ் பெண் வந்தது. பினோயின் மாணவி. வந்தவள் நேரே நளினாட்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது.

“சேச்சி, நீங்க செஞ்சது தப்பே இல்ல. ஒரு பொண்ணை ஆயுசு முழுக்கக் கட்டிலோட கட்டிப்போட்டா அவ வேற என்ன செய்வா? நாங்க எல்லாரும் உங்க பக்கம்தான்.”

“நான் ஒண்ணும் செய்யலை மோளே.”

“சொல்ல முடியாதுன்னு தெரியும் சேச்சி” என்று ஆதிரா இன்னும் இறுக்கிப் பிடித்தாள். “சொல்லவே வேண்டாம்.”

ஓணத்துக்குச் சந்திரமதி வந்தாள். இந்தத் தடவை கட்டிக்கொள்ளவில்லை. வந்த இடத்தில் அவளுக்கு ஜுரம் கண்டது. நளினாட்சி மாத்திரையும் வெந்நீரும் கொண்டுபோய் நீட்டினாள். சந்திரமதி கையை நீட்டவில்லை.

“அங்க வெச்சுடுங்க ஏட்டத்தி. நான் அப்புறம் எடுத்துக்கறேன்.”

மாத்திரை சாயங்காலம் வரை அங்கேயே கிடந்தது. மறுநாள் ஜுரத்தோடேயே சந்திரமதி திருச்சூருக்கு பஸ் ஏறினாள்.

அன்றுதான் நளினாட்சி கதையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெளிவந்த காலத்தில் படித்ததோடு சரி, அதற்கப்புறம் திறந்ததில்லை. ஊர் வாசித்த கண்ணோடு இப்போது வாசித்தபோது, நடுவில் அந்த ‘விடுதலை’ வரியைத் தாண்ட முடியவில்லை. அது அவன் சொந்தச் சரக்கல்ல. அவள் சொன்னது. கிழவிக்குப் புண் வைத்து, நாற்றம் தாங்காமல், கழுவித் துடைத்துவிட்டு வந்து அடுக்களையில் சரிந்து உட்கார்ந்து அவனிடம் சொன்னாள்: “போய்ட்டாங்கன்னா அவங்களுக்கும் விடுதலை, எனக்கும் விடுதலை.” அசதியில் வந்த சொல். புருஷனிடம்தானே என்று வாய்விட்ட சொல். அவன் அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்திருக்கிறான். பினோய் அந்த வரியை வாசித்தபோது தன் காது ஏன் அப்படிச் சுட்டது என்று அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. செய்யவில்லை. ஆனால் நினைத்ததுண்டு. அது ஒருவனுக்குத்தான் தெரியும், அவன் அதை ஊருக்கே வாசிக்கக் கொடுத்துவிட்டான்.

திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள். கோபத்தோடு வாசிப்பவளுக்கு ஒரு எழுத்தும் தப்பாது. ‘குவளையில் மருந்து கலந்து வைத்திருந்தது’ என்ற இடத்தில் நின்றாள். வைத்திருந்தது. யார் வைத்தது?

ஆண்டுவிழாவின் வெற்றியைப் பார்த்து, கணாரன் அந்தக் கதைக்கென்றே தனியாக ஒரு கூட்டம் போட்டார். ஹாலில் இடமில்லாமல் ஜன்னலுக்கு வெளியேயும் ஆள் நின்றது. திருச்சூரிலிருந்து சந்திரமதியும் வந்திருந்தாள். பினோய் முன்பு சொன்னதையே இன்னும் நீட்டிச் சொன்னான். அவன் உட்கார்ந்ததும் நளினாட்சி எழுந்தாள்.

“கணாரேட்டா, நானும் இங்க மெம்பர்தான். பேசலாமா?”

கணாரன் அவசரமாகத் தலையாட்டினார்.

“பினோய் மாஷே, மருந்தைக் கலந்தது மருமகள்னு எந்த வரியில இருக்கு?”

பினோய் பக்கத்தைப் பார்த்தான். “அது... அவதானே குடிக்கக் கொடுக்கறா, டீச்சர்.”

“குடுக்கறா. கலந்தது யாரு? ‘கலந்து வைத்திருந்தது’ன்னுதான் இருக்கு. யாரு வெச்சாங்கன்னு இல்ல. அந்த வீட்டுல நடமாடற ஆளு ரெண்டே பேரு. ஒருத்தி கிழவியை மடியில சாய்ச்சுக்கறா. இன்னொருத்தன் கதவோரத்துல ஒண்ணும் பேசாம நிக்கறான். இத்தனை பேரு இத்தனை தடவை படிச்சீங்க. அவன் எதுக்கு அங்க நிக்கறான்னு ஒருத்தரும் கேக்கலையே?”

பினோயின் முகம் மலர்ந்துபோயிற்று. நல்ல மாணவன் போல வேகமாகப் பக்கத்தைப் புரட்டினான். ஆனால் அவனுக்கு முன்னால் ஆதிரா எழுந்துவிட்டாள்.

“அப்போ காலையில அவளுக்கு விஷயம் புரிஞ்சிருக்கு! புருஷனைக் காப்பாத்தத்தான் ரெண்டாந்தடவை கழுவறா!”

ஹால் கொந்தளித்தது. “அதானே, ஆம்பளைன்னு கதவோரத்துலயே விட்டுட்டமே!” என்று ஒரு கிழவர் தொடையைத் தட்டினார். எல்லாத் தலைகளும் மேடைப் பக்கம் திரும்பின. பெற்ற தாய்க்கு மகனே கலந்து வைத்துவிட்டு நின்று பார்த்தானா? சேகரன்குட்டி அத்தனை கண்களையும் பார்த்தான். துண்டு தோளிலிருந்து நழுவியது.

நளினாட்சி உட்கார்ந்துவிட்டாள். அவன் அன்றைக்கு வீட்டிலேயே இல்லை என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? அவள் பொய் சொல்லவில்லை. கதையில் இருப்பதைத்தான் சொன்னாள். பினோயும் அதைத்தானே செய்தான். நெஞ்சுக்குள் ஒரு கேவலமான சந்தோஷம் ஊறியது. அதை அவள் துடைத்துப்போடவில்லை.

“என்ன பேசறீங்க எல்லாரும்?” சேகரன்குட்டி எழுந்து கத்தினான். “கதை வேற, வீடு வேற! அது வெறும் கற்பனை. கற்பனையை வெச்சு ஒரு மனுஷனை இப்படிப் பாக்கறதா?”

இத்தனை மாதமாக அவள் கெஞ்சிக் கேட்டும் அவன் வாயிலிருந்து வராத சொல், தனக்கு என்றதும் ஒரு நொடியில் வந்துவிட்டது. நளினாட்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

“கதை வாசிக்கறவங்களோடதுன்னு நீங்கதானே சொன்னீங்க” என்றது பின்வரிசைக் குரல். சிரிப்பு எழுந்தது.

அந்தச் சிரிப்பு அவனைத் தூக்கிப் போட்டது. “எங்க அம்மா போனப்போ நான் வீட்டுலயே இல்ல! தலச்சேரியில இருந்தேன். காலையில முதல் பஸ்லதான் வந்து இறங்கினேன். கேட்டுப் பாருங்க, தலச்சேரிக்காரங்களைக் கேட்டுப் பாருங்க!”

சிரிப்பு நின்றது. இத்தனை வருஷம் கதவோரத்தில் நின்ற மகன் அங்கே நிற்கவேயில்லை என்பதை ஊர் விழுங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த அமைதியில் சந்திரமதி எழுந்தாள். அவள் கேட்டது இலக்கியமல்ல.

“அப்போ அம்மாகூட யாரு இருந்தது, ஏட்டா?”

சேகரன்குட்டி வாயைத் திறந்தான். தன் தலைமேல் விழுந்ததை எடுத்து எங்கே போட்டுவிட்டோம் என்று அவனுக்கே அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. ‘நளினாட்சி இருந்தாள், அம்மா தானாகத்தான் போனாள், எனக்குத் தெரியும்’ என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவனுக்கு என்ன தெரியும்? அவன்தான் அங்கே இல்லையே. மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தான்.

மேடைப் பக்கம் திரும்பிய தலைகள் ஒவ்வொன்றாக முன்வரிசைக்குத் திரும்பின. இந்த முறை புத்தகம் யார் கையிலும் இல்லை. நளினாட்சி பையை எடுத்துக்கொண்டு, கூட்டம் ஒதுங்கி விட்ட வழியில் நடந்து வெளியே போனாள். ஆதிராகூடக் கையைப் பிடிக்கவில்லை.

அந்தக் கோடை விடுமுறையிலேயே இடமாற்றம் எழுதிக் கேட்டாள். வயநாட்டு மலையில், யாரும் போக விரும்பாத ஒரு பள்ளிக்கூடம் உடனே கிடைத்தது. போகிற அன்று சேகரன்குட்டி, “ஊரு என்ன நினைக்கும்?” என்றான். “நினைக்கறதுக்கு இன்னும் என்ன பாக்கி” என்று பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டாள்.

மலையில் அவளைக் கதையோடு சேர்த்துப் பார்க்க ஆளில்லை. ஆனால் ஒரு காரியம் அவளுக்குள்ளேயே கெட்டுப்போயிருந்தது. நாணியம்மாவின் கடைசி விடியலை நினைத்தால், ஸ்பூனும் கஞ்சித்தண்ணீரும் வருவதற்குள் குவளை வந்துவிடும். குழாயடியில் தான் நிற்பது போலவும், கை நனைந்திருப்பது போலவும் தெரியும். நடக்காதது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், கதவோரத்தில் யாரோ நிற்கிறார்களா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்த பிறகுதான் நினைவு மேலே நகரும். ஸ்பூனைப் பார்த்தவர் வேறு யாருமில்லை. குவளையைப் பார்த்தவர்கள் ஒரு ஊர் முழுக்க இருந்தார்கள்.

இரண்டு மழைக்காலம் கழித்து சேகரன்குட்டி மலையேறி வந்தான். மெலிந்திருந்தான். கூட்டங்களுக்கு இப்போது அழைப்பு வருவதில்லை என்றான். சோறும் மோர்க்கறியும் போட்டாள். சாப்பிட்டுவிட்டுப் பையிலிருந்து காகிதக் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

“புதுசா எழுதியிருக்கேன். ரொம்ப வருஷத்துக்கு அப்புறம். புருஷனை விட்டுட்டு மலைக்குப் போன ஒருத்தியைப் பத்தி. அச்சுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி நீ ஒருதரம் படிச்சுப் பாரேன்.”

அவள் கட்டைத் தொடவில்லை. எச்சில் தட்டை எடுத்துக்கொண்டாள்.

“பினோய்கிட்ட குடுங்க. நான் எதுக்குப் போனேன்னு அவரு படிச்சுச் சொல்லுவாரு. நானும் தெரிஞ்சுக்கணும்.”

அவள் கோபப்படுகிறாளா கேலி செய்கிறாளா என்று சேகரன்குட்டிக்குப் பிடிபடவில்லை. நாலு மணி பஸ்ஸின் ஹாரன் வளைவில் கேட்டதும், காகிதங்களை அடுக்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். அவள் பரீட்சைத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தாள். வாசல்வரை போனவன் ஏதோ கேட்க நினைத்துத் திரும்பினான். பிறகு குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனான்.